இணைய ஏல மோசடி: கையில் இத்தனை தடயம் இருந்தும் குற்றவாளி ஏன் சிக்குவதில்லை?

இணையத்தில் ஒரு பொருளுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் காவல் நிலையத்தில் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போன் நம்பர் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, ஆதார் அட்டையின் படத்தைக்கூட அவனே அனுப்பினான். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த மூன்றும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு ஆட்களுடையவை. சிம் ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரில், ஆதார் அட்டை இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையது. ஏமாற்றியவன் இந்த மூவரில் ஒருவனாக இருப்பது அரிது. விசாரணை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஏலத் தளமும் அதில் உள்ள ஓட்டைகளும்

இபே (eBay) என்ற இணைய ஏலத் தளம் 1995-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் அடிப்படை எளிமையானது: விற்பவரும் வாங்குபவரும் முன்பின் அறியாதவர்கள், தளத்திடம் சரக்கு கிடையாது, இருவரையும் இணைத்து வைப்பதோடு சரி. நம்பிக்கைக்கு இருந்த ஒரே ஆதாரம், பழைய வாடிக்கையாளர்கள் விற்பனையாளருக்குத் தந்த மதிப்பெண்கள்தான். இந்தியாவில் இதே முறையில் நடந்த பாஸி.காம் தளத்தை இபே 2004-ல் வாங்கியது. பிறகு இங்கே ஏலம் என்ற வடிவம் மங்கி, பயன்படுத்திய பொருள்களுக்கு விளம்பரம் போட்டு நேரடியாகப் பேரம் பேசும் தளங்கள் பெருகின. வடிவம் மாறினாலும் மோசடியின் உள்ளமைப்பு மாறவில்லை.

பொதுவாகக் காணப்படும் வகைகள் இவை:

1. பொருளே அனுப்பாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வது. புகார்களில் இதுதான் மிக அதிகம்.

2. சொன்னது ஒன்று, அனுப்பியது வேறு. போலி ஓவியம், போலி நாணயம், உள்ளே கல் வைத்த பெட்டி.

3. தன் பொருளுக்குத் தானே வேறு பெயர்களில் ஏலம் கேட்டு விலையை ஏற்றுவது. 2000 மே மாதம் இபேயில் ஓர் ஓவியம், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில், 1,35,805 டாலர் வரை கேட்கப்பட்டது. விற்றவரே தன் பொருளுக்கு ஏலம் கேட்டது தெரியவந்ததும் இபே அந்த விற்பனையை ரத்து செய்தது. அவரும் கூட்டாளிகளும் பொய்யான விவரங்கள் கொடுத்து 40-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் திறந்திருந்தனர் என்று பிறகு குற்றம்சாட்டப்பட்டது.

4. ஏலத்தில் தோற்றவரைத் தனியாகத் தொடர்புகொள்வது. "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், அதே விலைக்கு உங்களுக்கே தருகிறேன்" என்று மின்னஞ்சல் வரும். அந்த நொடியிலிருந்து வியாபாரம் தளத்துக்கு வெளியே போய்விடுகிறது.

5. போலி எஸ்க்ரோ. எஸ்க்ரோ என்பது, பொருள் கைக்கு வரும்வரை பணத்தை மூன்றாவது ஆள் வைத்திருக்கும் ஏற்பாடு. அந்த மூன்றாவது ஆளே மோசடிக் கும்பலைச் சேர்ந்தவன் என்றால் ஏற்பாடு முழுவதும் பொறியாகிவிடுகிறது.

6. விற்பவரை ஏமாற்றுவது. இந்தியாவில் இது அதிகம். ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பேசுவார். பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போட்டதும் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை என்பது பலருக்கு இன்றும் தெரியவில்லை.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2000 மே மாதம் இணைய மோசடிப் புகார்களுக்கென்று ஒரு மையத்தைத் தொடங்கியது. அதன் ஆண்டறிக்கைப்படி, 2004-ல் விசாரணை அமைப்புகளுக்கு அனுப்பப்பட்ட புகார்களில் 71.2 விழுக்காடு ஏல மோசடி. 2005-ல் அது 62.7 ஆனது, 2006-ல் 44.9, 2007-ல் 35.7. குற்றம் பாதியாகிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. 2008-ல் 25.5 விழுக்காட்டோடு ஏல மோசடி இரண்டாம் இடத்துக்கு இறங்கியபோது, முதலிடத்தில் இருந்தது "பொருளோ பணமோ வந்து சேரவில்லை" என்ற வகை: 32.9 விழுக்காடு. ஒரே ஏமாற்று வேலை எந்தத் தலைப்பில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தே எண் ஏறுகிறது, இறங்குகிறது. எண் இறங்கினால் அந்தப் பிரிவுக்கு ஒதுக்கும் ஆளும் பணமும் குறையலாம் என்பதால், இது வெறும் கணக்கு விவகாரமாக நின்றுவிடுவதில்லை.

ஒரு வழக்கை அருகில் பார்ப்போம்: பேராப்

ருமேனியாவிலிருந்து இயங்கிய ஒரு கும்பல் 2007 முதல் அமெரிக்கர்களை ஏமாற்றி வந்தது. அவர்கள் பயன்படுத்திய தீநிரலின் (கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருள்) பெயராலேயே கும்பலும் பேராப் என்று அழைக்கப்படுகிறது. கார், மோட்டார் சைக்கிள் போன்ற விலை கூடிய பொருள்களுக்கு இபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி விளம்பரங்களைப் போட்டார்கள். காரின் படத்தைப் பார்க்கச் சொடுக்கினால் தீநிரல் கணினியில் ஏறிக்கொள்ளும்.

அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் உலாவியில் இபேயின் உண்மையான முகவரியைத்தான் தட்டுகிறார். ஆனால் கணினிக்குள் இருக்கும் தீநிரல் அந்தக் கோரிக்கையை வழிமறித்து, இபே போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கத்தைக் காட்டுகிறது. விற்பவருக்கு நல்ல மதிப்பெண்கள், பழைய வாடிக்கையாளர்களின் பாராட்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பணத்தை "இபே எஸ்க்ரோ முகவர்" என்பவரிடம் கட்டச் சொல்கிறது. அப்படி ஒரு முகவரே கிடையாது. அந்த இடத்தில் இருந்தவர் கும்பல் வேலைக்கு அமர்த்திய ஆள். பணம் அவர் கையிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை விசாரிக்க வரும் அதிகாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். "இபே தளத்தில்தான் கட்டினேன்" என்று புகார்தாரர் உறுதியாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இபேயைக் கேட்டால் அப்படி ஒரு பரிவர்த்தனையே பதிவாகவில்லை என்பார்கள். அதுவும் பொய் இல்லை. உண்மை புகார்தாரரின் கணினிக்குள் இருக்கிறது. அதைத் தடயவியல் முறையில் நகலெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் அவர் கணினியைக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்திருந்தால் அந்தத் தடயமும் போயிற்று.

இந்தக் கும்பல் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் தீநிரலைப் பரப்பியதாகவும், குறைந்தது 40 லட்சம் டாலர் சுருட்டியதாகவும் அமெரிக்க நீதித்துறை தெரிவித்தது. மூவர் 2016-ல் ருமேனியாவிலிருந்து ஒப்படைக்கப்பட்டனர். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்ற இருவரையும் 2019 ஏப்ரலில் ஓஹாயோவில் ஜூரிகள் குற்றவாளிகள் என்று தீர்மானித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் 20 ஆண்டும் 18 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. எஃப்.பி.ஐ.யிடம் ஆள் பலம் உண்டு, தனியார் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பல ஆண்டு உதவி இருந்தது, ருமேனியா ஒத்துழைத்தது. அப்படியும் 12 ஆண்டு பிடித்தது. ஒரு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தின் ஆய்வாளரிடம் "பத்து நாளில் ஏன் பிடிக்கவில்லை" என்று கேட்கும் முன் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காவல்துறை எங்கெங்கே முட்டிக்கொள்கிறது?

இனி இந்தியச் சட்டத்தின் கீழ், நம் ஊர்க் காவல் நிலையத்தில் இது எப்படி நகர்கிறது என்று பார்ப்போம்.

1. காத்திருப்பு என்னும் திரை

என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மூலமான சிக்கல் இதுதான். இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஓடிபி மோசடியில் பணம் போன அடுத்த நிமிடமே குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. ஏலத்தில் அப்படியில்லை. பணம் கட்டிவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பதே இந்த வியாபாரத்தின் இயல்பு. "கூரியர் தாமதம்", "சரக்கு சோதனையில் நிற்கிறது", "இன்னும் 2,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை கட்டுங்கள்" என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வரும். ஏமாந்தோம் என்று உறைக்கும்போது இரண்டு மூன்று வாரங்கள் ஓடிவிட்டிருக்கும்.

இந்தியாவில் 2021 முதல் செயல்படும் நிதி மோசடித் தடுப்பு ஏற்பாட்டின் வலிமையே வேகம்தான். 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். முதல் ஓரிரு மணி நேரம்தான் பொன்னான நேரம். ஏல மோசடியில் பலரும் அந்த நேரத்தில் பொருள் வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பதிலேயே சிறந்த கருவி, இந்த ஒரு குற்றத்தில்தான் மிகக் குறைவாகப் பயன்படுகிறது.

2. குற்றமா, வியாபாரத் தகராறா?

பொருள் வரவில்லை என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. நொடித்துப்போன வியாபாரியும் பொருள் அனுப்பமாட்டார். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். பிறகு வாக்குத் தவறியது மட்டும் என்றால் அது ஒப்பந்த மீறல் என்று பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? ஒரே ஒரு புகாரை வைத்துக்கொண்டு முடியாது. அதே கணக்கு எண் மீது நாமக்கல்லில் ஒன்று, நாக்பூரில் ஒன்று, கொல்கத்தாவில் ஒன்று என்று 20 புகார்கள் இருந்தால் தொடக்கம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பது பளிச்சென்று தெரியும். அந்த 20 புகார்களும் 20 நிலையங்களில் தனித்தனியே கிடக்கும்வரை, ஒவ்வொன்றும் "சிவில் மேட்டர்" போலவே தோன்றும். "நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவது பல நேரங்களில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 2013 தீர்ப்பு, பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் வணிகத் தகராறு சார்ந்த புகார்களில் முதற்கட்ட விசாரணைக்கு இடம் வைத்தது. அந்த இடைவெளியில் நாள்கள் கரைகின்றன.

3. சிறிய தொகை

7,000 ரூபாய் போனவருக்கு அது ஒரு மாத வாடகையாக இருக்கலாம். ஆனால் அந்த 7,000 ரூபாய்க்காக நான்கு காவலர்களை ராஜஸ்தானுக்கு ரயிலில் அனுப்பி, அங்கே தங்கவைத்து, உள்ளூர்க் காவல்துறையின் துணையோடு வீட்டைக் கண்டுபிடித்து, அந்த ஊர் நீதிமன்றத்தின் அனுமதியோடு ஆளைக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. தொகையைச் சிறிதாக வைத்துக்கொள்வது மோசடிக்காரர்கள் தெரிந்தே செய்யும் தேர்வு என்று நான் நினைக்கிறேன். பல ஊர்களில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், மொத்தத்தை எந்தக் காவல் நிலையமும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். ஒரு நிலையத்தில் எத்தனை ஆய்வாளர்கள் இருந்துவிடப் போகிறார்கள்?

4. ஐ.பி. முகவரியும் கடிகாரமும்

"ஐ.பி. முகவரியை வைத்து வீட்டையே கண்டுபிடித்துவிடலாமே" என்பார்கள். ஐ.பி. முகவரி என்பது இணையத்தில் இணையும் கருவிக்குத் தரப்படும் எண். அதை வைத்து ஆளைத் தேடுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பார்ப்போம். ஒரு தளம் காவல்துறைக்குத் தரும் பதிவில் "மார்ச் 3, 18:40" என்று இருக்கிறது. அது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 4, நள்ளிரவு கடந்து 12:10. இந்த மாற்றத்தைச் செய்யாமல் மார்ச் 3 மாலை 6:40 என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டால், முற்றிலும் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயரும் முகவரியும் வந்து நிற்கும்.

நேரம் சரியாக இருந்தாலும் போதாது. மொபைல் இணையத்தில் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நொடியில் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் யார் என்று பிரித்தறிய, அந்த இணைப்பின் போர்ட் எண்ணும் வேண்டும். பல தளங்கள் அதைப் பதிந்துவைப்பதே இல்லை. அப்போது பதிலாக வருவது ஒரு பெயர் அல்ல, ஒரு பட்டியல். உண்மையான முகவரியை மறைக்கும் வி.பி.என். வழியாக வந்திருந்தால் அந்தப் பட்டியலும் கிடையாது.

இதற்கெல்லாம் கெடு வேறு இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பயனர் கணக்கை மூடிய பிறகு அவருடைய பதிவு விவரங்களைத் தளங்கள் 180 நாள் வைத்திருந்தால் போதும். பணம் எடுக்கப்பட்ட ஏ.டி.எம்.மின் கேமராப் பதிவு அதற்கும் முன்பே அழிந்துவிடக்கூடும்.

5. பணம் போகும் பாதை

இந்த மோசடியில் மோசடிக்காரன் தன் பெயரில் பணம் வாங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கின் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் சேர்த்து விற்றுவிடும் கல்லூரி மாணவர், கூலித் தொழிலாளி, வேலை தேடுபவர் ஆகியோரின் கணக்குகள்தான் முதல் அடுக்கு. இவற்றை வாடகைக் கணக்குகள் என்று சொல்கிறார்கள். அங்கிருந்து இரண்டாம், மூன்றாம் அடுக்குக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பணம் பிரிகிறது, கடைசியில் ஏ.டி.எம். ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறுகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வங்கி. ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனி நோட்டீஸ்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. ருமேனியாவின் ரம்னிகு வல்ச்சா நகரத்து ஏல மோசடிக் கும்பல்களும் வெளிநாடுகளில் ஆள் வைத்து, பணப் பரிமாற்ற நிறுவனக் கிளைகளில்தான் பணத்தை எடுத்தன. அப்படிப்பட்ட மோசடிப் பணம் தன் கிளைகள் வழியே போவதைத் தடுக்கத் தவறியதை வெஸ்டர்ன் யூனியன் 2017 ஜனவரியில் அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டு 58.6 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது.

காவலர்கள் பிடித்துவரும் ஆள் பெரும்பாலும் இந்த முதல் அடுக்கைச் சேர்ந்தவர்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் டெலிகிராமில் பேசிய ஒரு புனைபெயர். வழக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

6. எல்லைகள்

மாநில எல்லையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மின்னணுத் தகவல் வழியாக ஏமாற்றினால், தகவல் அனுப்பப்பட்ட இடத்திலும் பெறப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை ஏற்கச் சொல்கிறது. "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நாட்டின் எல்லை வேறு விஷயம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு வெளிநாட்டிலிருந்து இங்குள்ள கணினியைத் தாக்குபவருக்கும் பொருந்தும். ஆனால் அந்த நாட்டில் போய்க் கைதுசெய்யும் அதிகாரத்தை அது தராது. மின்னஞ்சலின் உள்ளடக்கம் அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தால், இரு நாடுகளுக்கிடையே 2001-ல் கையெழுத்தாகி 2005-ல் நடைமுறைக்கு வந்த பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியேதான் கேட்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து மாநில அரசு, மத்திய அரசு, அங்கிருந்து அமெரிக்க நீதித்துறை, பிறகு அந்த நாட்டு நீதிமன்றம் என்று கோப்பு பயணிக்க வேண்டும். சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் அமெரிக்காவும் ருமேனியாவும் இருக்கின்றன; இந்தியா சேரவில்லை.

7. நீதிமன்றம் கேட்கும் சான்று

புகார்தாரர் கொண்டுவருவது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட். அதை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் மாற்றியமைக்க முடியும் என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தெரியும். மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் காட்டும்போது சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்தது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: சான்றிதழில் இரண்டு பகுதிகள். ஒன்றில் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஒரு கோப்பிலிருந்து கணக்கிடப்படும் எண்ணெழுத்துத் தொடர். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். தேவையான பாதுகாப்புதான். ஆனால் தளம், வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம், பாதிக்கப்பட்டவரின் போன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஒன்று விடுபட்டால் சங்கிலி அங்கே அறுகிறது.

இதனால் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள்?

பணத்தை இழந்தவரைத் தாண்டி இரண்டு தரப்பினர் உண்டு. முதலாவது, கணக்கு களவாடப்பட்ட நேர்மையான விற்பனையாளர். பத்தாண்டு நல்ல பெயர் வைத்திருந்தவரின் கடவுச்சொல்லைத் திருடி, அந்தப் பெயரிலேயே மோசடி நடக்கும். காவலர்கள் முதலில் தட்டுவது அவருடைய கதவை.

இரண்டாவது, கணக்கு முடக்கப்படும் சிறு வியாபாரி. மோசடிப் பணத்தின் ஒரு துண்டு மூன்றாம் அடுக்கிலிருந்து வந்து ஒரு மளிகைக் கடையில் 500 ரூபாய்க்குச் செலவானால், பத்து மாநிலம் தள்ளியுள்ள காவல் நிலையத்தின் கோரிக்கையால் கடைக்காரரின் முழுக் கணக்கும் நின்றுவிடக்கூடும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது சரியான நிலைப்பாடு. புலனாய்வின் வேகம் அப்பாவியின் அன்றாடப் பிழைப்பை நிறுத்தக் கூடாது.

புகாரில் என்ன இருந்தால் வழக்கு நகரும்?

மேலே சொன்ன சிக்கல்களில் சிலவற்றைப் புகார்தாரரே குறைக்க முடியும்.

1. பொருள் வரும் என்று காத்திருக்க வேண்டாம். விற்பவர் தளத்துக்கு வெளியே பணம் கேட்டிருந்தாலோ, கட்டிய பிறகு மேலும் தொகை கேட்டாலோ, அன்றே 1930-ஐ அழையுங்கள்.

2. யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் தனி எண்) அல்லது யுபிஐ குறிப்பு எண்ணை எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு அதுதான் சாவி.

3. விளம்பரத்தின் முழு இணைய முகவரியையும், விற்பவரின் கணக்குப் பக்கத்தின் முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். படம் மட்டும் போதாது; கணக்கைத் தளத்தின் பதிவேட்டில் தேடுவதற்கு முகவரி வேண்டும்.

4. உரையாடலை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். 900 ரூபாய்க்கு நீங்கள் தரும் புகாரில் உள்ள கணக்கு எண், வேறொரு மாநிலத்தில் 90,000 ரூபாய் இழந்தவரின் வழக்கில் ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்கும் இரண்டாவது சான்றாக அமையலாம்.

6. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று கேளுங்கள். தளத்தில் பதிந்த எல்லாப் புகாரும் தானாகவே வழக்காகிவிடாது. முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டி வந்தால், புகார் எண்ணும் முதல் தகவல் அறிக்கை எண்ணும் அங்கே தேவைப்படலாம்.